வாக்குத்தத்த அட்டைக்கு வெளியே இருக்கும் வேதம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும் நேரத்தில் தமிழ்நாட்டின் பல சபைகளில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த அட்டையில் உள்ள வசனம்தான் பிறக்கப்போகும் ஆண்டில் அவருக்கான வாக்குத்தத்தம். ஜனவரி முதல் வாரத்துக்குள் அது பீரோ கதவில் ஒட்டப்பட்டுவிடும், கைப்பேசியின் முகப்பிலும் ஏறிவிடும். இந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. கடன்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளாத ஒருவருக்கு ஆண்டின் முதல் நாளாவது நல்ல சொல்லோடு விடிவதில் என்ன குறை? என் கவலை மார்ச் மாதத்தைப் பற்றியது. வேலை போகிறது, ஸ்கேன் அறிக்கையில் கட்டி என்று வருகிறது, மகன் வீட்டைவிட்டுப் போகிறான். அப்போது அந்த ஒரு வசனத்தைத் தவிர வேறெதுவும் கற்றுத்தரப்படாத விசுவாசிக்கு இரண்டே வழிதான் மிஞ்சுகிறது: வேதம் பொய் என்று முடிவுகட்டுவது, அல்லது தன் விசுவாசம் குறைவு என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது. இந்த இரண்டுக்கும் அவரைத் தள்ளியது வேதம் அல்ல, அதை நறுக்கிக் கொடுத்த நம் வழக்கம்தான் என்பது என் வாதம். இக்கட்டில் கிறிஸ்தவர் தம் வேதத்தின் மேல் சாயலாம். சாய வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் முழு வேதத்தின் மேல்.

நறுக்குவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகலாம். வேகவதிக் கரையில் ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற இந்தச் சிற்றூரின் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானம் முழுக்க ஓவியங்கள். ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் கதைகள் வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறவருக்கு அரண்மனை தெரியும், பல்லக்கும் ஊர்வலமும் தெரியும், துறவும் தெரியும். துறவு பூண்ட ரிஷபருக்குப் பிச்சையிடும் முறை எவருக்கும் தெரியாததால் அவர் நெடுங்காலம் உண்ணாமல் அலைந்தார் என்றும், கடைசியில் கரும்புச் சாறு கிடைத்தது என்றும் சமண மரபு சொல்கிறது. கரும்புச் சாறு மட்டும் தனியே இருந்தால் அது விருந்துக் காட்சி. அலைச்சலுக்குப் பிறகு வரும்போதுதான் அதற்குப் பொருள். துன்பத்துக்குச் சமணம் தரும் விளக்கமும் கிறிஸ்தவம் தரும் விளக்கமும் வேறு வேறு. முன்னது வினையைச் சொல்கிறது, பின்னது ஒருவரை நோக்கி முறையிடுகிறது. அந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை. ஆனாலும், விதானத்திலிருந்து ஒரு கட்டத்தைப் பெயர்த்தெடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது எப்படியோ அப்படித்தான் நாம் வசனத்தைப் பெயர்த்தெடுக்கிறோம்.

அட்டைகளில் அதிகம் தென்படும் வசனங்களில் எரேமியா 29:11 ஒன்று. உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, நல்ல முடிவைத் தருவதற்கானவை என்று கடவுள் சொல்வதாக அமைந்த பகுதி. இது யாருக்கு எழுதப்பட்டது? நாடு தோற்று, பாபிலோனுக்கு அடிமைகளாக நடத்திச் செல்லப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட கடிதம் அது. அதற்கு முந்தைய 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் ஊர் திரும்புவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் திரும்பும் என்று சபை நடுவே அறிவிக்கிறார். எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறார். கூட்டம் யார் பக்கம் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு ஆண்டு உறுதிமொழி பொய் என்று சொல்லிவிட்டுத்தான் எரேமியா தன் கடிதத்தை எழுதுகிறார். இரண்டல்ல, எழுபது ஆண்டு ஆகும். ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த ஊர் நன்றாயிருக்கப் பாடுபடுங்கள் என்கிறார். முப்பது வயதில் அதைக் கேட்டவர் ஊர் திரும்பவே போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பலாம். நாம் அட்டையில் அச்சடிப்பது 11-ஆம் வசனத்தை. 10-ஆம் வசனத்தில் எழுபது ஆண்டு இருக்கிறது, 5-ஆம் வசனத்தில் மண்வெட்டி வேலை இருக்கிறது. எரேமியாவின் சொற்களை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைப் பிரசங்கிப்பது நம் மேடைகளில் அன்றாடம் நடக்கிறது.

சங்கீதங்களுக்கும் இதே கதிதான். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீட்டுப் பாடல்கள் என்பது வேத ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. எவ்வளவு காலம் என்று கேட்பவை, தூங்குகிறீரா என்று கடவுளை எழுப்புபவை, நண்பன் காட்டிக்கொடுத்ததைச் சொல்லி அழுபவை. பெரும்பாலானவை இறுதியில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும். சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் அதை வெட்டி எறியவில்லை, கடைசியில் ஒரு நல்ல வரியை ஒட்டவும் இல்லை. மாறாக, கொரோனா நாட்களில் வாட்ஸ்அப்பில் அதிகமாகச் சுற்றியது, கொள்ளைநோய் அணுகாது என்று உறுதி சொல்லும் 91-ஆம் சங்கீதம். அருமையான பாடல்தான். ஆனால் நற்செய்தி நூலில் இந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுவது யார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்திவைத்து, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதி என்று சொல்லும் சோதனைக்காரன்தான் அதைச் சொல்கிறான். இயேசு குதிக்க மறுக்கிறார். அதே இயேசு சிலுவையில் தொங்கும்போது கைக்கு எடுப்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் கேள்வியை, கைவிடப்பட்டவனின் கேள்வியை. பாதுகாப்பை உறுதி சொல்லும் சங்கீதம் சோதனைக்காரன் வாயிலும், புலம்பும் சங்கீதம் மீட்பர் வாயிலும் இருப்பதைப் பார்த்த பிறகும், புலம்பலை விசுவாசக் குறைவு என்று ஒரு போதகர் எப்படிச் சொல்ல முடியும்?

ஏட்டில் இருப்பதை விடுங்கள், நம் கரையில் நடந்ததைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கூட்டம் நிரம்பியிருந்த காலை வேளையில் கடல் ஏறி வந்தது. பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். இதைப் புதுமை என்று சொன்னவர்கள் ஏராளம். ஆனால் சில நூறு அடி தள்ளி, கடற்கரையில் நின்ற யாத்திரிகர்களும் கடைக்காரர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல், தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய 8,000. கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தான், நேர்ச்சை முடித்துக் கடலில் கால் நனைக்கப் போனவர்கள்தான். கோயில் நின்றதைப் புதுமை என்று கொண்டாடுகிற வாய், அலை கொண்டுபோனவர்களைப் பற்றி என்ன சொல்லும்? அடுத்து 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும் சில விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அவர்கள் கடற்கரையில் நின்றவர்கள் அல்ல. ஜெபிக்க வந்த இடத்திலேயே இறந்தார்கள். விசுவாசம் விபத்துக் காப்பீடு என்ற போதனை இந்த இரண்டு நாட்களோடு முடிந்திருக்க வேண்டும். எபிரேயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் இதை முன்பே சொல்லிவிட்டது. வாளுக்குத் தப்பியவர்களையும் வாளால் வெட்டப்பட்டவர்களையும் அது ஒரே விசுவாசப் பட்டியலில், சில வரி இடைவெளியில் வைக்கிறது.

இதற்கு விசுவாசிகள் தரப்பிலிருந்தே ஒரு மறுப்பு வரும். அற்புதமே நடக்காது என்கிறீர்களா, எத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. குணமானவர் குணமானேன் என்று நன்றி சொல்லட்டும். ஆனால் சாட்சி மேடையில் ஏறுவது பிழைத்தவர் மட்டும்தான் என்பதை மறக்கக்கூடாது. அதே வியாதிக்காக அதே உபவாச ஜெபத்தில் மண்டியிட்டு, மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒலிபெருக்கி கிடைப்பதில்லை. சில சபைகளில் அவரிடம் உங்கள் வீட்டில் ஏதாவது மறைவான பாவம் உண்டா என்றுகூடக் கேட்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் மூவரும் செய்தது இதே வேலைதான். ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தவரை நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பித் தீர்த்த யோபுவை அல்ல, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவரை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்ற கேள்வியை இயேசு எழுப்பி, இல்லை என்று தானே பதில் சொன்னதும் லூக்கா நூலில் இருக்கிறது.

குற்றம் சாட்டும் இந்தப் பேச்சு மனத்தை மட்டும் புண்படுத்துவதில்லை. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 55 வயதைத் தாண்டிய சுமார் 600 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கடவுள் தன்னைத் தண்டிக்கிறார், தன்னைக் கைவிட்டார், இது சாத்தானின் வேலை என்றெல்லாம் மனத்துக்குள் போராடியவர்களிடையே இறக்கும் அபாயம் கூடுதலாக இருந்ததை அது கண்டது. நோயின் தீவிரத்தையும் மனநிலையையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. இந்த ஆய்வை என் வாதத்துக்கு எதிராகவும் ஒருவர் திருப்பலாம். கைவிடப்பட்ட உணர்வே ஆபத்து என்றால் 88-ஆம் சங்கீதத்தை நோயாளி கையில் கொடுப்பது விஷமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த உணர்வு சங்கீதத்தைப் படிப்பதால் வருவதில்லை, படுக்கையில் கிடக்கிறவருக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டது என்பதுதான் பதில். ஆய்வு அளந்தது போராட்டத்தை. அதை வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்ததா இல்லையா என்பதை அல்ல. ஆகவே ஆய்வை வைத்து என் கட்சி நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லலாம்: தண்டிக்கப்படுகிறோம் என்ற எண்ணத்தை நோயாளியின் மனத்தில் விதைக்கிற பிரசங்கி தீங்கு செய்கிறார்.

நம் மொழியில் வேதத்தைத் தந்தவர்கள் இக்கட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது இங்கே பயன்படும். மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டென்மார்க் கம்பெனியின் ஆளுநர் அவரை டேனிஷ் கோட்டைக்குள் அடைத்தார். சுமார் நான்கு மாதம் உள்ளே இருந்தார். சண்டை மூண்ட காரணம் கவனிக்கத்தக்கது. நாவிதர் ஒருவரின் விதவைக்கு, இறந்த கணவரின் கடன் தொடர்பாகக் கம்பெனி ஊழியர் ஒருவரோடு வழக்கு. சீகன்பால்க் அந்தப் பெண்ணின் பக்கம் பேசினார். அவளுக்கு ஒரு வசனம் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் சிறைக்குப் போயிருக்க மாட்டார். வெளியே வந்து 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். 1714-15-இல் அது தரங்கம்பாடியில் அச்சேறியது. அவருக்குப் பின் சென்னை வேப்பேரியில் முழு வேதாகமத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பைத் தந்தவர் பப்ரிசியஸ். அவருடைய நடையைப் பொன்னுக்கு ஒப்பிட்டு இன்றும் பேசுகிறார்கள். பண விவகாரத்தில் கைசுட்டுக்கொண்டு, முதுமையில் கடன்காரர் சிறைக்குப் போனவர் அவர். தமிழில் ஒவ்வொரு வாக்குத்தத்தத்தையும் பேனா தொட்டு எழுதிய மனிதருக்கே கடன் தீரவில்லை! செழிப்பு உபதேசம் செய்கிறவர்கள் இந்த வாழ்க்கை வரலாற்றைப் பிரசங்கத்தில் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

தாது வருஷப் பஞ்சம் இன்னொரு சோதனை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் பட்டினியில் மாண்டார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தமிழின் முதல் நாவலை எழுதியவர், முன்னாள் முன்சீப், கத்தோலிக்கர். தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கஞ்சித் தொட்டி வைத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதி அதைப் பார்த்து அவரைப் புகழ்ந்து பாடினார். வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளில் கடவுளிடம் முறையிடும் குரல் உண்டு. எந்தச் சமயத்தவரும் பாடலாம் என்ற எண்ணத்தோடு அவற்றுக்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்றே பெயர் வைத்தார். இங்கே ஒரு கசப்பான மறுப்பும் எழும். அதே பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள், சோற்றுக்காக வந்தவர்கள் என்று அன்றைக்கே ஏசப்பட்டார்கள். துன்பத்தை அறுவடைக் காலமாகப் பார்க்கும் மதம் துன்பத்தில் எப்படி நம்பகமான துணையாகும்? பசித்தவன் சோற்றுக்குப் போவதில் அவமானம் எதுவும் இல்லை, வேறெங்கும் வாசல் திறக்காதபோது திறந்த வாசலுக்குத்தான் போவான் என்பது பதிலில் ஒரு பாதி. மறுபாதியில் மறுப்பாளருக்கு உடன்பட வேண்டியிருக்கிறது. கஞ்சியோடு ஞானஸ்நானத்தைக் கட்டிப்போட்டவர் எவராயிருந்தாலும் வேதநாயகம் பிள்ளையைவிடக் குறைந்த கிறிஸ்தவர்தான்.

நோய் விஷயத்தில் காஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் வேலூரே போதும். மேரி வர்கீஸ் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, அங்கேயே பணியாற்றிய இளம் மருத்துவர். 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபித்தவர்கள் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள். அவர் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, நாட்டிலேயே அந்தத் துறைக்கு முன்னோடியான ஒரு பிரிவை வேலூரில் உருவாக்கினார். 1972-இல் பத்மஸ்ரீ. நடக்கவைக்காத கடவுளோடு அவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. அந்த உறவு நடக்க முடியாத ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சிக்கூடமாக மாறியது. ஜெபம் இருக்க மருந்து எதற்கு என்று சர்க்கரை மாத்திரையையும் கீமோதெரபியையும் நிறுத்தச் சொல்கிற ஊழியர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே பதில். மந்திர சக்தியால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லிருந்து நம் நாட்டில் சட்டமும் இருக்கிறது. மனம் உடைந்து உயிரை விட எண்ணுகிறவருக்கு வசனம் மட்டும் அனுப்பிவிட்டு ஓயக்கூடாது. 104, 14416 ஆகிய உதவி எண்களைச் சொல்வதும், மருத்துவரிடம் கூடவே போவதும் ஜெபத்துக்குக் குறைந்த காரியங்கள் அல்ல.

இன்னும் பெரிய மறுப்பு காஞ்சிபுரத்துக்கே சொந்தமானது. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டிலிருந்துதான் பெரியார் வெளியேறினார். அண்ணா பிறந்த ஊரும் இதுதான். துன்பத்தைச் சகித்துக்கொள், மேலே ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற போதனை ஏழையை ஏழையாகவே வைத்திருக்கிறது என்ற விமரிசனம் இந்த ஊர் டீக்கடை பெஞ்சுக்குப் புதிதல்ல. அதை எளிதில் தள்ள முடியாது, ஏனென்றால் சபைக்குள்ளேயே அதற்குச் சான்று இருக்கிறது. கல்லறையிலும் சாதிச் சுவர் கட்டிய சபைகள் தமிழ்நாட்டில் இருந்தன. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இன்றுவரை இல்லை. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அது வந்தது. இரண்டு பக்கமும் அடிவாங்கும் மனிதரிடம் பொறுமையைப் பற்றிய வசனத்தை மட்டும் வாசித்துக் காட்டுவது அடித்தவனுக்குச் செய்யும் சேவை. ஆனால் இதற்கு மாற்றும் அதே வேதத்திலிருந்துதான் வந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று கிராமங்களில் அறியப்பட்டவர், ஒடுக்கப்பட்டவர்களின் கூத்து மெட்டிலும் பேச்சு மொழியிலும் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு பொங்குவதே கடவுளின் ஆட்சி என்று அவர் கற்பித்தார். வேதம் மயக்க மருந்தாவதும் எழுப்பும் மணியாவதும் எந்தப் பக்கத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று நான் சொன்னால், அப்படியானால் மனிதர்தான் தீர்மானிக்கிறார், வேதம் எதற்கு என்று பகுத்தறிவாளர் கேட்பார். அடிமைகளை விடுவிக்கப் போராடும் கடவுளையும், நிலத்தைப் பறித்தவனைச் சபிக்கும் தீர்க்கதரிசியையும் உள்ளே வைத்திருக்கும் நூலை முழுதாகத் திறந்தால், அதைக் கொண்டு ஒருவரைச் சும்மா இருக்கச் சொல்வது கடினம். அதனால்தான் சும்மா இருக்கச் சொல்ல விரும்புகிறவர்கள் எப்போதும் அதை நறுக்கிக் கொடுக்கிறார்கள்.

எல்லாம் போகட்டும், முறையிடுவதால் என்ன வந்துவிடுகிறது, பதில் சொல்ல அங்கே ஒருவர் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி மீதமிருக்கிறது. செய்தித்தாள் கட்டுரையில் அதைத் தீர்க்க முடியாது, நான் முயலவும் போவதில்லை. நம்பாதவர் ஏற்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த சமூகம் நாம். இழப்பை வாய்விட்டுச் சொல்ல ஒரு மெட்டும், கூடச் சேர்ந்து சொல்லப் பத்துப் பேரும் இருந்தால் மனிதர் அந்த இரவைக் கடந்துவிடுகிறார் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். நவீனச் சபைகள் ஒப்பாரியை வெளியே தள்ளிவிட்டு, அடக்க ஆராதனையிலும் கைதட்டிப் பாடச் சொல்கின்றன. புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகத்தைத் தன்னுள் வைத்திருக்கும் வேதத்துக்கு இது அடுக்காது. சரிந்துபோன எருசலேமைப் பார்த்து ஐந்து அதிகாரம் அழும் அந்தப் புத்தகத்தில் நம்பிக்கை ஒளிவிடுவது நடுவே, மூன்றாம் அதிகாரத்தில். அதற்குப் பிறகும் அழுகை தொடர்கிறது. நம்பிக்கை வந்த பின்னும் அழலாம் என்று ஒரு புனித நூலே அனுமதிப்பது சின்ன விஷயமல்ல.

கடைசியாக, காஞ்சியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் உள்ள சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். நூல் ஈரம் கோக்கும், தெருவில் பாவு நீட்ட வழியிருக்காது. வேலை நின்றால் கூலி இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும். பட்டும் ஜரிகையும் விலை ஏறிய காலத்தில் சின்ன நெசவாளருக்கு மழைக்காலம் முழுவதும் கடன் காலம்தான். நெசவுத் தெருக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்ல. அதனால் என்ன? தான் இருக்கும் ஊர் நன்றாயிருக்கப் பாடுபடு என்று எரேமியா எழுதியதும் வேற்று மதத்தவரின் ஊரைப் பற்றித்தான். வருகிற ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு சபையும் காணிக்கையில் ஒரு பங்கை மழைக்கால நிதியாக ஒதுக்கட்டும். கணக்கு தெரிந்த இரண்டு பேர் வீடு வீடாகப் போய் கடன் எவ்வளவு, வட்டி என்ன, கூட்டுறவுச் சங்கத்திலும் நலவாரியத்திலும் வரவேண்டியது வந்ததா என்று விசாரித்து, மனு எழுதிக் கொடுக்கட்டும். எந்தச் சாமி படம் மாட்டிய வீடு என்று பார்க்க வேண்டாம். பையில் வேதாகமம் இருக்கட்டும். அந்த வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் திறந்து வாசியுங்கள், அப்போதும் 88-ஆம் சங்கீதத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.